வீட்டிலிருந்து ஒரு வானொலி: பாட்டுப் போடும் முன் கேட்க வேண்டிய அனுமதிகள்



பொங்கல் விழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, வண்டூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "மாமா, நம்ம வீட்டிலிருந்தே ஒரு தமிழ் வானொலி நடத்தப் போறேன். கம்ப்யூட்டர் இருக்கு, மைக் இருக்கு, அப்பாவோட கேசட் முந்நூறு இருக்கு. ரங்கத்துல இருக்கிறவங்களும் கேக்கலாம், மெட்ராஸ்ல இருக்கிற அக்காவும் கேக்கலாம். நான் யார்கிட்டேயும் காசு வாங்கப் போறதில்லை, அதனால அனுமதி ஒண்ணும் வேண்டாம்தானே?" என்று கேட்டார். நானும் பெரிய மனிதத் தோரணையில், "தாராளமாகச் செய் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் தவறாகச் சொல்லிவிட்டது தெரிந்தது. மறுநாள் காலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அப்போது அவருக்கு விளக்கியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்த ஆசை அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல.

வானொலி என்றால் நம் தீவுக் குடும்பங்களுக்கு என்ன பொருள் என்று மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் வந்தால்தான் கடிதம், கப்பல் வந்தால்தான் பத்திரிகை என்றிருந்த நாட்களில், இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் பிடிக்க மாமரத்தில் ஏரியல் கம்பி கட்டியவர்கள் நாம். அப்படிச் சேர்த்த ஆசைதான் பிறகு கேசட்டாக அலமாரியில் ஏறியது. இந்த ஈரக்காற்றில் கேசட் நாடாவில் பூஞ்சை படிந்து, பாதிப் பாட்டு இரைச்சலாகிவிட்டது. மீதியையாவது கணிப்பொறியில் ஏற்றிக் காப்பாற்றலாம் என்று இளைஞர்கள் நினைப்பது நியாயம்தான். உங்கள் கேசட்டை உங்கள் வீட்டில் நீங்கள் கேட்பதற்காகப் படியெடுத்தால் சட்டம் குறுக்கே வராது. சொந்த உபயோகத்திற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதை ஊருக்குப் போட்டுக் காட்டும்போதுதான் விஷயம் மாறுகிறது.

முதலில் இணைய வானொலி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண வானொலியில் ஒரு கோபுரம் அலையை வீசுகிறது. அந்த எல்லைக்குள் பத்துப் பேர் கேட்டாலும் பதினாயிரம் பேர் கேட்டாலும் வீசுவது ஒரே அலைதான். இணையத்தில் அப்படியில்லை. உங்கள் கணிப்பொறியிலிருந்து ஒலி ஒரு சர்வருக்குப் போகிறது. ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் போன்ற மென்பொருள்கள் அங்கே உட்கார்ந்து, கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒலியை அனுப்புகின்றன. விநாடிக்கு 64 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் அனுப்பினால் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்க ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். ஐம்பது பேர் கேட்டால் மணிக்கு 1.4 கிகாபைட்டுக்கு மேல். செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இதைத் தீவிலிருந்து நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்ட பிறகுதான் போர்ட் பிளேரிலும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மற்றத் தீவுகளிலும் இந்த ஆசைக்குக் கால் முளைத்தது.

இதற்கு அரசாங்கத்தின் ஒலிபரப்பு உரிமம் வேண்டுமா என்று தம்பி கேட்டார். வானலையைப் பயன்படுத்தினால் கட்டாயம் வேண்டும். பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ஓர் இளைஞர் கையால் செய்த சிறு டிரான்ஸ்மிட்டரை வைத்து 'ராகவ் எஃப்.எம்.' நடத்தி ஊரையே மகிழ்வித்தார். உரிமம் இல்லை என்று 2006-ல் அதை அதிகாரிகள் மூடிவிட்டார்கள். இணைய வழியில் மட்டும் நடக்கும் பாட்டு நிலையம் அலைவரிசை எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே எஃப்.எம். நிலையங்கள் பெறுவது போன்ற அலைவரிசை உரிமம் அதற்குத் தேவைப்படுவதில்லை. இந்த ஒரு சலுகையைப் பார்த்துத்தான் பலரும் எல்லாமே இலவசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது பாட்டு. ஒரு திரைப்பாடலை நாம் ஒரே பொருளாகத்தான் கேட்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று பொருள். பாடலாசிரியர் எழுதிய வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. இசையமைப்பாளர் போட்ட மெட்டு ஓர் இசைப் படைப்பு. இரண்டையும் சேர்த்துப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி உரிமை, தனித்தனி ஆயுள். முதல் இரண்டும் எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த பின் 60 ஆண்டுகள் நிற்கும். ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நிற்கும். இவை போதாதென்று பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று உண்டு, 50 ஆண்டுகளுக்கு.

ஓர் உதாரணம் சொன்னால் தெளிவாகும். 'ஹரிதாஸ்' படம் 1944-ல் வந்தது. அந்த ஆண்டு வெளியான இசைத்தட்டின் பதிவு உரிமை 2004-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிட்டது. "அப்படியானால் பாகவதர் பாட்டைப் போடலாமே" என்றார் தம்பி. பொறுங்கள். படத்தில் பாட்டெழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். அவர் வரிகளின் உரிமை 2033 முடியும் வரை இருக்கிறது. தாத்தா காலத்துத் தட்டு என்பதால் மட்டும் பாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது.

பாடகர் சங்கதியில் நம்மவர்கள் பலரையும் திகைக்க வைத்தது 2017 மார்ச்சில் நடந்தது. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு, தம் அனுமதி இல்லாமல் தம் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பாடிப் புகழ்பெற்றவரே அனுமதி கேட்க வேண்டுமா என்று நம் சங்கத்திலும் டீக்கடையிலும் எவ்வளவு வாதம்! எஸ்.பி.பி. அந்தப் பயணத்தின் மீதி நிகழ்ச்சிகளில் மற்றவர்கள் இசையமைத்த பாடல்களைப் பாடி முடித்தார். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பாடியவருக்கே அப்படியென்றால், கேசட் வாங்கிய நமக்கு எப்படி என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், உரிமை யார் கையில் இருக்கிறது என்பது. 1977-ல் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் திரைப்பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. அவர் அதை இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றிருப்பார். 2012-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, படம் தியேட்டரில் ஓடுவது தவிர மற்ற உபயோகங்களுக்கு வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆகவே இன்று நீங்கள் இரண்டு கதவுகளையாவது தட்ட வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம்; 2017 முதல் மறுபடி பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இயங்குகிறது. ஒலிப்பதிவுக்கு அந்தந்த இசை நிறுவனம், அல்லது அதன் சார்பில் உரிமம் கொடுக்கும் அமைப்பு. பழைய எச்.எம்.வி. தட்டுகள் என்றால் இன்று அது சரிகமா. ஒரு கதவில் மட்டும் பணம் கட்டிவிட்டு 'லைசென்ஸ் வாங்கியாச்சு' என்று இருப்பது, பாதிப் பாலம் கட்டிவிட்டு வண்டி ஓட்டுவது போலத்தான்.

தமிழ் நாட்டில் இந்த உரிமைச் சண்டை புதிதே அல்ல. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். நிறுவனத்தார் கையில் இருந்தது. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது அதையொட்டி வழக்கே எழுந்தது. மகாகவியின் பாட்டுக்குத் தனி ஒருவர் சொந்தக்காரரா என்று எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1949-ல் ஓமந்தூரார் அரசு அவ்வுரிமையைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியாரும் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். அதன் பலனாகத்தான் இன்று வண்டூரில் ஒரு பிள்ளை பாரதி பாட்டைத் தானே பாடி ஒலிபரப்பினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதே பாட்டை ஒரு பிரபலப் பாடகர் பாடிய குறுந்தகட்டிலிருந்து போட்டால் அது வேறு கதை. பாட்டு பொது, தட்டு பொது அல்ல.

இனி, நான் தம்பியிடம் சொல்லக் கூடாமல் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். காசு வாங்காவிட்டால் குற்றமில்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தெரிந்தே உரிமையை மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால், நீதிமன்றம் காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்தக் குற்றத்துக்கு வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கோ வண்டூர் மூலையில் பாட்டுப் போட்டவரைத் தேடி நாளைக்கே யாரும் வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலும் முதலில் வருவது வக்கீல் நோட்டீஸ்தான். ஆனால் அந்த நோட்டீஸ் வரும் முகவரி, இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதாக இருக்கும். அந்தத் தம்பி வீட்டில் அது அரசு உத்தியோகத்தில் இருக்கும் அப்பா.

வேறு சில நம்பிக்கைகளும் காதில் விழுந்தன. முப்பது விநாடி வரை போடலாமாம். அப்படி ஒரு விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் கிடையாது. 'உரிமை அவர்களுக்கே' என்று நன்றி சொல்லிவிட்டால் போதுமாம். நன்றி வேறு, அனுமதி வேறு. கல்யாணத்துக்கும் சாமி கும்பிடுவதற்கும் விலக்கு உண்டே என்றார் ஒரு பெரியவர். உண்டு, அந்தச் சடங்கு நடக்கும் இடத்தில் பாட்டுப் போடுவதற்கு. அதை இணையத்தில் ஊருலகத்துக்கு அனுப்புவதற்கும் அதே விலக்கு பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"எஃப்.எம். காரர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் போய்க் கேட்கிறார்களா?" என்பது தம்பியின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. விடையில்தான் இணைய வானொலியின் கஷ்டமே இருக்கிறது.

வானொலிக்கும் பாட்டு உரிமையாளருக்கும் உள்ள இழுபறி பழசு. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் ஆகிறது என்று அகில இந்திய வானொலி அதை அறிவிக்காமல் விட்டது. தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பும் அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்த பிறகுதான் திரைப்பாட்டு நம் வானொலிக்கு முழுமையாகத் திரும்பியது. நாம் சிற்றலையில் ரசித்ததற்குப் பின்னாலும் ஓர் அனுமதிச் சண்டை இருந்திருக்கிறது பாருங்கள்!

பின்னர் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்து, இசை நிறுவனங்கள் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை என்று வழக்காடின. 2010 ஆகஸ்டில் பதிப்புரிமை வாரியம் விளம்பர நிகர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று உத்தரவிட்டது. 2012 திருத்தத்தில் 31-டி என்ற பிரிவே சேர்ந்தது. அதன்படி ஒலிபரப்பு நிறுவனம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியை முன்பணமாகக் கட்டினால் வெளியான பாடல்களைப் போடலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. படைத்தவர், பாடியவர் பெயர்களை அறிவிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. 1952-ல் பெயரைச் சொல்லாததால் சண்டை; அறுபது ஆண்டு கழித்துப் பெயரைச் சொல்வது சட்டம்!

இந்தச் சலுகை இணையத்துக்கும் உண்டா? 2016-ல் மத்திய அரசின் துறை ஒன்று, உண்டு என்று குறிப்பு எழுதியது. ஆனால் டிப்ஸ் நிறுவனம் விங்க் மியூசிக்கை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், 31-டி பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே, இணைய ஒலிபரப்புக்கு அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அரசுத் துறையின் குறிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. 2022-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. விங்க் அப்போது ஏர்டெல் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நிறுவனமாக இருந்தது. யானைகள் சண்டையில் நசுங்கியது நம்மைப் போன்ற புல்தான். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்பவரும், மாலை ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்காரும் மாணவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவரும் உரிமையாளரிடம் போய்ப் பேசித்தான் அனுமதி வாங்க வேண்டும். பேரம் பேச ஒருவரிடம் வக்கீல் கூட்டம் இருக்கிறது. மற்றவரிடம் தபால் தலை வாங்கக் காசு இருந்தால் அதிகம். பொழுதுபோக்காக நடத்துபவருக்கென்று ஒரு சிறு உரிமம் நம் சட்டத்தில் இல்லாதது பெரிய குறை என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சில விதிகளுக்கு உட்பட்டால் ஒலிப்பதிவு உரிமையாளர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்புக்குக் கட்டணம் கட்டினால் போதும். விதிகள் வேடிக்கையானவை. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக்கூடாது. அதிலும் அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் கூடாது. அடுத்து வரும் பாட்டு எதுவென்று முன்கூட்டி அட்டவணை வெளியிடக்கூடாது. நேயர் விருப்பம் என்று கேட்டவுடன் அவருக்காகப் போடுவதும் சிக்கல். அங்கேயும் சின்னவர்கள் பாடு சுலபமில்லை. 2002-ல் ஒரு பாட்டுக்கு ஒரு நேயருக்கு 0.07 சென்ட் என்று கட்டணம் வைத்தபோது பல சிறு நிலையங்கள் மூடப்பட்டன. அவர்களுக்காக அந்த ஆண்டே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சிறு நிலையங்களுக்கு உரிமத்தோடு இடம் கொடுத்த லைவ்365, சலுகைக் காலம் முடிந்ததும் 2016 ஜனவரியில் மூடப்பட்டு அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய உரிமங்கள் குறிப்பிட்ட நாடுகளில் இருக்கும் நேயர்களுக்குத்தான் செல்லும். அங்கே மகன் கட்டணம் கட்டிவிட்டதால் இங்கே கேட்பதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது.

அப்படியானால் வானொலி ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா? இல்லை. முந்நூறு கேசட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று தம்பியும் நானும் ஒரு மாலை வண்டூர் ஜெட்டிப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தேறியது.

தேவாரம், திருவாசகம், திருப்பாவை, திருப்புகழ், தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகள் எல்லாம் பொது. நம் பிள்ளைகள் பாடினால் பதிவும் நம்முடையது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றை ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கொண்டு வந்த பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். கச்சாலுக்கு வந்த இலங்கைத் தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் தோட்டப் பாட்டு இருக்கும். கப்பலில் வந்த கதை, 2004 சுனாமிக்கு முன் வண்டூர்க் கடற்கரை எப்படி இருந்தது என்ற பேச்சு இவற்றுக்கு எந்த உரிமமும் வேண்டாம். வண்டூர் என்ற பெயரே மலபாரிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை இட்டதுதான். அதைச் சொல்லப் பக்கத்து வீட்டு மலையாளிப் பெரியவரை அழைத்தால் தமிழிலேயே சொல்வார். புதிதாக இசையமைக்கும் இளைஞர்கள் பாட்டு பரவ வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'போட்டுக்கோ மச்சான்' என்ற தொலைபேசி வார்த்தை செல்லாது. கடிதத்தில் பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது, இணைய வழியில் எல்லா நாடுகளுக்கும் ஒலிபரப்பலாமா, நேரடியாக மட்டுமா அல்லது சேமித்து வைத்துப் பிறகும் கேட்க விடலாமா, எத்தனை ஆண்டு, கட்டணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் வர வேண்டும். நேரடி ஒலிபரப்பும் சேமிப்பும் வேறு வேறு அனுமதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறுவர்கள் பாடினால் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். பாட்டியிடமும் வாங்குங்கள், கேட்டுவிட்டுப் போட்டால் அவருக்கும் ஒரு மரியாதை.

திரைப்பாட்டு இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கும் சம்பந்தப்பட்ட இசை நிறுவனத்துக்கும் எழுதி, லாபமில்லாத சிறு இணைய நிலையத்துக்கு என்ன கட்டணம் என்று கேட்பது. ஐந்து பாட்டுக்கு மட்டும் கேட்டுத் தொடங்கினால் பதில் எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும். மற்றது சமுதாய வானொலி. தனி மனிதருக்கு அது கிடைக்காது. குறைந்தது மூன்றாண்டுப் பதிவுள்ள லாப நோக்கமில்லாத அமைப்போ கல்வி நிறுவனமோ தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். அந்த வகையில் முன்னோடி. 100 வாட் சக்தி, சுமார் பத்து கிலோமீட்டர் எல்லை. அது வானலையில் நடக்கும் வானொலி என்பதால் 31-டி பிரிவின் கதவு அதற்குத் திறந்திருக்கிறது. ரங்கத்துக்கோ சென்னைக்கோ கேட்காதுதான். ஆனால் வண்டூரும் சுற்று ஊர்களும் கேட்கும். இது சங்கம் கூடிப் பேச வேண்டிய விஷயம். அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுப்பினால் நானும் கைதூக்குகிறேன்.

தம்பி இப்போதைக்கு ஞாயிறு மாலை அரை மணி நேரம் என்று திட்டமிட்டிருக்கிறார். முதல் நிகழ்ச்சிக்கு அவர் பாட்டி பாடிய இரண்டு தாலாட்டும், பக்கத்து வீட்டுப் பெண் பாடிய திருப்புகழும், ஜெட்டியில் படகு ஓட்டும் ஒருவரின் பேச்சும் பதிவாகிவிட்டன. மூவரின் கையெழுத்துக் கடிதங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். திருப்புகழைப் பதிவு செய்த அன்று எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், அதை மட்டும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கிறதாம்.